அழிப்பதற்கான காரணம்

1

கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டுமென்று மலர்க்குழுச் செயலாளர் கேட்டிருக்கிறார். ‘கடல் கடந்த வாழ்வில் இனிய நினைவுகள்’ என்பது அவர் தந்திருக்கும் தலைப்பு. நுரையீரல் படலப் புரதங்களைப் பற்றிய என் கடைசி ஆய்வுக்கு இங்கே ஒரு விருது கிடைத்ததை அறிந்து, கோவையில் பாராட்டு விழா ஒன்றுக்கும் நாள் குறித்துவிட்டார்கள். ஆகவே அந்த ஆய்வை எல்லோருக்கும் புரியும்படி, கொஞ்சம் நகைச்சுவையும் சேர்த்து, ஆறு பக்கங்களுக்குள் விளக்கிவிட்டால் நல்லது என்று எழுதியிருக்கிறார். புன்னகையுடன் கூடிய படம் ஒன்றும் வேண்டுமாம்.

ஆய்வை விளக்குகிறேன். மற்ற இரண்டுக்கும் என்னால் உறுதி கூற இயலாது.

நான் ஜெர்மனிக்கு வந்து முப்பத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. என் மனைவி மரகதம் சென்ற ஆண்டு இங்கே இறந்தாள். முதலாண்டுத் திதிக்காகச் சென்ற மாதம் பெருந்துறைக்கு, அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தேன். அங்கே எனக்கு ஒரு செய்தி சொல்லப்பட்டது. புறப்படும் முன்பே என் மேசைமேல் ஒரு படிவம் கிடந்தது. ஆய்வுக்கூட உறைபெட்டியில் மிஞ்சியிருந்த மூன்று சிறு குழாய்களை என்ன செய்வது என்று கேட்கும் படிவம். அதன் பிற்பகுதியில் ‘அழிப்பதற்கான காரணம்’ என்று ஓர் இடம் உண்டு. மூன்று கட்டங்கள், ஒன்றில் குறியிட வேண்டும். இரண்டாவது கட்டத்தில் குறியிட்டால் எனக்கு ஒன்றும் நேராது. மூன்றாவதில் குறியிட்டால் நீங்கள் பாராட்ட நினைக்கும் ஆய்வு இல்லாமல் போகும்.

இந்தக் கட்டுரை அந்தப் படிவத்தைப் பற்றியது. இனிய நினைவுகளை எதிர்பார்ப்போர் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம்.

2

நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப் பைகள் உள்ளன. ஒவ்வொரு பையின் உட்சுவரிலும் மெல்லிய நீர்ப்பூச்சு இருக்கிறது. நீரின் மேற்பரப்பு எப்போதும் சுருங்கவே முயலும். அந்த இழுப்பைத் தணிக்க ஏதும் இல்லையானால், மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு முறையும் பைகள் ஒட்டிக்கொள்ளும். அவற்றை மறுபடி திறப்பதற்கே உடலின் வலிமை முழுவதும் செலவாகும். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவது பெரும்பாலும் இதனால்தான். தணிப்பது ஒரு கொழுப்புப் படலம். அதன் தடிமன் ஒற்றை மூலக்கூறு.

கொழுப்பு தனியே இந்த வேலையைச் செய்யாது. அதனோடு நான்கு புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்துகளையே பெயராக வைத்திருக்கிறோம். பி, சி இரண்டும் சிறியவை. கொழுப்பிலேயே ஊறிக் கிடப்பவை. மூச்சு வெளியேறும்போது படலம் நெருக்கப்படுகிறது. இடம் போதாத கொழுப்பு மடிந்து கீழே இறங்குகிறது. இறங்கியது பிரிந்து போய்விடாமல் பிடித்துவைத்து, அடுத்த மூச்சில் மீண்டும் மேற்பரப்பில் விரித்துவிடுவது இவ்விரண்டின் பணி. டி-யின் வேலை பெரும்பாலும் கிருமிகளோடு. ஏ பெரியது, நீரை நாடுவது, உருவத்தில் ஒரு பூங்கொத்துப்போல, காம்புகள் சேர்ந்த கற்றையும் விரிந்த தலைகளுமாக இருக்கும். அது கொழுப்பைப் படலத்துக்கு அடியில் வலைபோல் அடுக்கிவைக்கிறது. இரத்தப் புரதங்கள் கசிந்து வந்து படலத்தைக் கெடுக்க முயலும்போது கெடாமலும் காக்கிறது.

நான் ஏ-யைப் படித்தவன். ஆனால் அளந்து பார்க்கும் அளவுக்கு மனித ஏ எங்கே கிடைக்கும்? இதற்கு விடையாக ஓர் அரிய நோய் இருக்கிறது. பழைய படலப் பொருளை விழுங்கிச் செரிக்க வேண்டிய செல்கள் வேலையை நிறுத்திவிட, அது காற்றுப் பைகளில் தேங்கிவிடும் நோய். நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, ஒரு பக்க நுரையீரலால் மூச்சுவிடச் செய்துகொண்டு, மறுபக்கத்தை வெதுவெதுப்பான உப்புநீரால் லிட்டர் லிட்டராகக் கழுவுவார்கள். வடியும் நீரைப் புட்டிகளில் பிடித்து வரிசையாக வைப்பார்கள். முதற்புட்டி அரிசி களைந்த நீர்போல வெளுத்திருக்கும். போகப்போகத் தெளியும். மருத்துவர்களுக்குத் தெளிந்த புட்டிகளைக் கண்டால் மகிழ்ச்சி. வெளுத்த புட்டிகள் எங்களிடம் வரும். அவற்றில் எண் இருக்கும், பெயர் இராது. பிறர் மூச்சுத் திணறியதை மூலப்பொருளாக வைத்து நான் முப்பது ஆண்டுகள் தொழில் செய்திருக்கிறேன். அவர்கள் விவரம் அறிந்து, ஒப்பிக் கொடுத்தார்கள். அதில் எனக்கு உறுத்தல் இல்லை.

மரகதத்தின் அண்ணனான என் மைத்துனர் கந்தசாமிக்கும் ஏறக்குறைய இதே தொழில்தான். பெருந்துறைச் சிப்காட்டில் சாயப்பட்டறைகளுக்காக ஒரு திரவம் தயாரிக்கிறார். சாயத்தண்ணீர் துணிக்குள் சட்டென்று இறங்குவதற்குச் சேர்க்கும், சோப்பு போன்ற பொருள். ஒவ்வொரு விடுமுறையிலும், உறவினர் கூடியிருக்கும் நேரம் பார்த்து, அவர் இதைச் சொல்லத் தவறியதில்லை.

“நீங்க பண்றதும் நான் பண்றதும் ஒண்ணுதானுங்க மாப்ள. நொரை! நான் பேரல்ல விக்கறேன். நீங்க சொட்டுச் சொட்டா வெச்சுட்டுப் பேப்பர் எழுதறீங்க. எம்பட நொரைக்கு மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுல இருந்து ஆள் வாரான். உங்க நொரைக்கு மாலை போடறாங்க.”

எல்லோரும் சிரிப்பார்கள். மரகதம் சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் சிரித்ததில்லை. அந்த மனிதர் அற்பமானவர் என்பது இருபது ஆண்டுகளாக என் முடிவாக இருந்தது.

3

படலத்தை அளக்கும் கருவி ஆழமில்லாத ஒரு வெள்ளைத் தொட்டி. அதில் தூய நீரை நிரப்பி, மேற்பரப்பில் படலத்தை விரித்து, இரு தடுப்புகளால் நெருக்குவோம், பிறகு விலக்குவோம். மூச்சு போவதும் வருவதும்போல. ஒவ்வொரு நிலையிலும் மேற்பரப்பின் இழுவிசையைக் குறித்துக்கொள்வோம். இந்த வேலைக்குப் பெரும்பகை எண்ணெய். கண்ணுக்குத் தெரியாத அளவு விரல்நுனியில் ஒட்டியிருந்தாலும் அன்றைய அளவீடு பாழ். தலையணை உறையிலிருந்துகூட அது கைக்கு வந்துவிடும்.

மரகதம் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்த்து, அரப்புப் போட்டுக் குளித்து வளர்ந்தவள். வந்த முதல் ஆண்டிலேயே, அளவீடு நடக்கும் நாட்களில் வீட்டில் யாரும் எண்ணெயைத் தொடக் கூடாது என்று நான் சொன்னேன். அளவீடு வாரம் முழுவதும் நடந்தது.

“சரிங்க” என்றாள்.

குளியலைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். நம் ஊரில் சனிக்கிழமை ஆண்கள் எண்ணெய் தேய்க்கும் நாள் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் அதை ஒரு முறையும் சொல்லிக்காட்டியதில்லை.

அரப்பு, பெருந்துறையிலிருந்து அண்ணன் அனுப்பும் பொட்டலத்தில் வரும். ஒருமுறை சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: பெயரிடப்படாத பச்சை நிறத் தூள், பெறுநர் நேரில் வந்து விளக்கவும். இருவரும் போனோம். கையுறை அணிந்த அதிகாரி பொட்டலத்தை எட்டவே வைத்திருந்தார். நான் என் புதிய ஜெர்மன் மொழியில், இது மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும் தாவர வேதிப்பொருள் என்று விளக்கினேன். அவர் இன்னொருவரைத் தொலைபேசியில் அழைத்தார். நான் மேலும் விளக்கினேன். மூன்றாவதாக ஒருவர் வந்தார்.

மரகதம் மேசையிலிருந்த தண்ணீர்க் கோப்பையை இழுத்து, ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டு, விரலால் கலக்கினாள். நுரை வந்தது. தன் பின்னலின் நுனியை அதில் நனைத்துக் கசக்கிக் காட்டினாள். அதிகாரிகள் மூவரும் சிரித்துவிட்டார்கள். பொட்டலம் எங்கள் கைக்கு வந்தது.

டிராமில் வீடு திரும்பும்போது சொன்னாள்: “ஒரு டம்ளர் தண்ணியில முடியற வேலைக்கு எவ்வளவு பேசறீங்க!”

அவள் வாயால் சொல்கிறவள் அல்லள். செய்து காட்டுகிறவள். இந்தச் செய்தியைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் வைத்துக்கொள்ளவில்லை.

4

ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். அதே நோய். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருக்கு அதைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். மரகதம் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, “எனக்குச் சொல்லுங்க” என்றாள்.

கழுவும் நீரை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதற்கான ஒப்புதல் படிவம் ஆறு பக்கம், ஜெர்மன் மொழியில். கணவனே ஆய்வாளன் என்பதால் வேறொரு மருத்துவர்தான் ஒப்புதல் பெற வேண்டும், பெற்றார். ஆனால் மொழிபெயர்க்க ஆள் இல்லை. நான் இருந்தேன்.

“இது என்னங்க?”

“கழுவற தண்ணிய ஆராய்ச்சிக்கு எடுத்துக்கறதுக்கு.”

“எங்க கையெழுத்துப் போடோணுங்க?”

ஆறு பக்கங்கள் இவ்வாறு ஒரே வரியாயின. மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும், காரணம் கூறாமல், எந்த வடிவிலும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மறைக்க வேண்டுமென்ற எண்ணம் இல்லை. தேவைப்படும் என்று தோன்றவில்லை. அவள் தமிழில் கையெழுத்திட்டாள். ‘மொழிபெயர்த்தவர்’ என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டேன்.

சிகிச்சை பலித்தது. சில வாரங்களில் கடைவீதிவரை நடந்தாள். நான் மகிழ்ச்சியில் அவளை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய், உறைபெட்டியைத் திறந்து, அவளிடமிருந்து பிரித்தெடுத்ததை வைத்திருக்கும் குழாய்களைக் காட்டினேன். நாற்பது குழாய்கள், எண்களுடன். இரண்டு மாணவர்கள் எட்டிப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“இதையெல்லாம் வெச்சிருக்கோணுங்களா?”

“ஆமா. லேசுல கிடைக்காத சரக்கு” என்றேன்.

சில நாட்கள் கழித்து, சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தவள், அந்தத் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்: “அதையக் கொட்டிப்போட்டா என்னவாயிருமுங்க?”

நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, கால் மணி நேரம் ஏ புரதத்தைப் பற்றிச் சொன்னேன். “அப்படிங்களா” என்றாள். மூன்றாம் முறை கேட்கவில்லை.

இந்த மலரைப் படிக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் யாரும் ‘வேண்டாம்’ என்பதை முகத்துக்கு நேரே சொல்வதில்லை. இன்னொரு தோசை வேண்டாமென்றால் ‘இருக்கட்டுங்க’. பெண் கொடுக்க விருப்பமில்லையென்றால் ‘பாக்கலாமுங்க’. மூத்தவர் செய்வது பிடிக்கவில்லையென்றால் ஒரு கேள்வி, அதன் இறுதியில் ஒரு மரியாதை. கேட்பவன் புரிந்துகொண்டு விலகிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கொங்கு நாட்டுப் பண்பு என்று ஆண்டுதோறும் இந்த மலரில் நீங்கள் புகழ்ந்துகொள்ளும் பொருள் இதுதான். புரிந்துகொள்ள விரும்பாதவனுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு உலகில் வேறில்லை. நான் போத்தனூரில் பிறந்து வளர்ந்தவன். அந்த இரண்டு கேள்விகளும் என்னவென்று எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அடுத்த ஆண்டு குளிர்காலத்தில் அவள் அண்ணன் மகள் திருமணத்துக்குத் தனியே ஊருக்குப் போய் வந்தாள். அதற்கடுத்த கோடையில் நான் அவளுடைய ஏ புரதத்தை வைத்து அளவீடுகளைத் தொடங்கினேன். அத்தனை சீராக நடந்துகொண்ட புரதத்தை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை. இரண்டு ஆண்டுகள் அளந்தேன். கட்டுரை வெளிவந்தது. பெயர் குறிப்பிட இயலாத கொடையாளர் ஒருவருக்கு அதன் கடைசிப் பத்தியில் நன்றி கூறியிருக்கிறேன்.

5

சென்ற ஆண்டு நுரையீரலில் தொற்று கண்டு மரகதம் இறந்தாள். இங்கே அஸ்தியை வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. நகராட்சி மயானத்தில் ஓர் எண்ணிட்ட கல்லின்கீழ் இருக்கிறாள்.

எங்கள் மகள் வித்யா வடக்கே ஒரு நகரில் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவாள். வானிலை, என் இரத்த அழுத்தம், அவள் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு. அவளுடைய தமிழ் முழுவதும் தாயிடமிருந்து வந்தது. ஆகையால் ‘ங்க’ மட்டும் குறையாமல் இருக்கிறது. அடக்கம் முடிந்த மறுநாள், சமையலறையில் தாயின் டப்பாக்களை ஒழித்துக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“அம்மாவோட ட்யூப் இன்னும் இருக்குங்களா?”

“மூணு இருக்குது.”

“எதுக்குங்க?”

“உன்ற அம்மா ஒரு நாளும் வேண்டாம்னு சொல்லலை.”

“அம்மா யாருகிட்டதான் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க?”

அவள் ஜெர்மனுக்கு மாறினாள். முக்கியமானதைச் சொல்லும்போது அவள் மாறிவிடுவது வழக்கம். “எனக்கு வேண்டாம் என்று சொல்ல வருகிறது அப்பா. பள்ளியில் கற்றுக்கொண்டேன். வீட்டில் யாரும் கற்றுத்தரவில்லை.”

அரப்பு டப்பாவைத் தன் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். வேறெதையும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து விருது அறிவிக்கப்பட்டது. மேடையில் ஏழு நிமிடம் பேசினேன். மாதிரியின் தரம் அசாதாரணமானது என்று குறிப்பிட்டேன். கைதட்டினார்கள்.

பிறகு இந்தப் படிவம் வந்தது. நான் ஓய்வு பெற்றவன். நிலவறையில் ஒரு மேசையும் ஒரு சாவியும் மட்டும் எனக்கு விடப்பட்டிருந்தன. மாதிரிக் கிடங்கின் பொறுப்பாளர் திருமதி பிராண்ட், ஓய்வு பெற்றோர் விட்டுச்சென்ற மாதிரிகள் அனைத்தையும் பைசல் செய்யும்படி எழுதியிருந்தார். சேமிப்பை நீட்டிக்கலாம், அல்லது அழிக்கலாம். நான் நீட்டிப்புக் கோரிக்கையை நிரப்பினேன். ‘அறிவியல் மதிப்பு’ என்று காரணம் எழுதினேன். வெறும் மூன்று குழாய்களில் என்ன அறிவியல் மதிப்பு என்பது எனக்கும் தெரியும், திருமதி பிராண்டுக்கும் தெரியும். ஊரிலிருந்து வந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று மேசைமேல் வைத்துவிட்டுத் திதிக்குப் புறப்பட்டேன்.

6

பெருந்துறையில் காலையிலேயே படையல் முடிந்துவிட்டது. பந்தி முடிந்து உறவினர் கலைந்தார்கள். கூடத்தில் நானும் கந்தசாமியும் மட்டும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். அன்று அவர் நுரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்கு விநோதமாக இருந்தது.

“ஏனுங்க மாப்ள, ஒண்ணு கேக்கோணும். அந்த ஐஸ்பொட்டியில இருந்தது இன்னமு இருக்குதுங்களா?”

“எது?”

“அம்மணியோடதுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. “அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவதான் சொன்னா. ஆனைமலைக்குப் போறப்ப.”

அந்தத் திருமணத்துக்கு மறுநாள், வீட்டில் கூட்டம் குறைவதற்குள், தன்னை மாசாணியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போகும்படி மரகதம் அண்ணனைக் கேட்டிருக்கிறாள். அவரே காரை ஓட்டிப் போயிருக்கிறார்.

“பொள்ளாச்சி தாண்டற வரைக்கும் வாயே தொறக்கலீங்க. கும்புட்டுட்டு வந்துருவான்னு நான் மண்டபத்துல உக்காந்திருந்தேன். ரொம்ப நேரமா ஆளக் காணோம். எந்திரிச்சுப் போயிப் பாத்தா, அம்மியில உக்காந்து மொளகா அரைச்சிட்டிருக்கறா.”

வெளியூர் வாசகர் யாரேனும் இருந்தால் அவர்களுக்காக: ஆனைமலையில் நீதிக்கல் என்று ஒரு கல் இருக்கிறது. பொருளைக் களவு கொடுத்தவர்கள், வஞ்சிக்கப்பட்டவர்கள், யாரிடமும் முறையிட வழியில்லாதவர்கள் அங்கே வற்றல் மிளகாயைத் தம் கையால் அரைத்து அதன்மேல் பூசுவார்கள். அந்த எரிச்சல் நியாயத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பது நம்பிக்கை. நியாயம் கிடைத்த பிறகு திரும்பிப் போய், எண்ணெய்க் காப்புச் செய்து கல்லைக் குளிர்விக்க வேண்டும்.

“எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. ‘ஏம்மணி, நகை கிகை யாராச்சும் தூக்கீட்டாங்களா’ன்னேன். ‘நகையில்லீங்ணா, என்ற சளி’ன்னா.”

அவர் நிறுத்தினார்.

“எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க மாப்ள. பொய் சொல்லலை. சளியத் திருடறதுக்கும் ஆளிருக்குதான்னு கேட்டுப்போட்டேன். அவ சிரிக்கலை. அரைச்சிட்டே சொல்றா. ‘ஒடம்ப உட்டுப் போனது போயிரோணுங்ணா. நான் துப்புனதைய நம்பர் போட்டுப் பூட்டி வெச்சு, வாரவன் போறவனெல்லாம் பாக்கறான். ரெண்டு தடவ கேட்டுட்டேன். இன்னொருக்காக் கேக்க நாக்கு வல்லை’ங்கறா.”

“என் பேரைச் சொல்லி அரைச்சாளா?”

“பேரு சொல்லி அரைக்கறவளா அவ? கையெல்லாம் செவந்து போச்சு. ஊடு வந்து சேர்ற வரைக்கும் கண்ணத் தொடைக்க முடியாம ஒக்காந்திருந்தா. நான்தான் துண்டுல தொடச்சு உட்டேன்.”

“அப்பவே ஏன் எங்கிட்டச் சொல்லலை?”

அவர் என்னை நேராகப் பார்த்தார். “சொன்னா நீங்க வெளக்கஞ் சொல்லுவீங்க.”

பிறகு, சற்றுத் தணிந்த குரலில்: “புருசன் பொண்டாட்டி சமாச்சாரம் வேற. நீங்க பெரிய படிப்பு. நான் நொரை விக்கறவன். எப்பிடின்னு சொல்றது? அவளும் ‘அவியகிட்டச் சொல்லிப்போடாதீங்ணா’ன்னுட்டா. இப்ப அவ இல்லை. காப்புப் போட அவ திரும்பி வல்லைங்க மாப்ள. மொளகா அப்பிடியே எரிஞ்சுட்டுக் கெடக்குது. அது எனக்குத் தூக்கத்தக் கெடுக்குது.”

இது மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் வேறொன்றைக் கேட்டேன். “அது என்ன தேதி?”

கந்தசாமி உள்ளே போய் மகளின் திருமணப் பத்திரிகையைத் தேடி எடுத்து வந்து என் மடியில் வைத்தார். “இதுக்கு மக்யா நாளுங்க.”

அந்தத் தேதிக்குப் பிறகு நான்கு மாதம் கழித்து என் முதல் அளவீடு. கட்டுரையிலுள்ள ஒவ்வொரு எண்ணும் அவள் மிளகாய் அரைத்த பிறகு எடுக்கப்பட்டது.

7

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, வானிலைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் முன்பாகவே வித்யாவிடம் இதைச் சொன்னேன். மிளகாய், கல், அவளுடைய மாமா சொன்ன சொற்கள் யாவும்.

“மாமா பக்கத்துலயே இருந்தாங்களா?”

“இருந்தார்.”

“அப்ப அம்மா சொல்லீட்டாங்க” என்றாள் தமிழிலேயே. “வேண்டாம்னு சொல்லீட்டாங்க.” அவள் அழுதது அதன் பிறகு. துயரத்தால் மட்டும் அழுததாக எனக்குத் தோன்றவில்லை. தாய் வாய்மூடியே போய்விட்டாள் என்று நினைத்திருந்தவளுக்கு அது ஒரு வகையில் நற்செய்தி. அது எனக்கு எதிரான நற்செய்தி என்பதை அவள் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நீட்டிப்புக் கோரிக்கையை அடித்துவிட்டுப் படிவத்தைத் திருமதி பிராண்டிடம் எடுத்துப் போனேன். இவர் முப்பது ஆண்டுகளாக என் உச்சரிப்பைத் திருத்துபவர். அழிப்பதற்கு ஒப்புகிறேன் என்றதும் நிம்மதியடைந்தார். “இரண்டாவது கட்டம். ‘சேமிப்புக் காலம் முடிந்தது.’ ஒரு நிமிட வேலை.”

நான் மூன்றாவது கட்டத்தில் குறியிட்டேன். ‘கொடையாளர் ஒப்புதலைத் திரும்பப் பெற்றார்.’ அதன் அருகே தேதிக்கு ஓர் இடம். பத்திரிகையைப் பார்த்து எழுதினேன். அதற்கும் கீழே, ‘எந்த வடிவில்: எழுத்து, வாய்மொழி, பிற’. பிற என்பதில் குறியிட்டு, ஒரு வரி எழுதினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “மிளகாய் அரைத்தாரா?”

“ஆம்.”

“எங்கே?”

“எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கோயிலில். அதற்கென்று ஒரு கல் இருக்கிறது.”

“சாட்சி?”

“அவளுடைய அண்ணன்.”

என் மொழிப்பிழையோ என்று அவர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிழை இல்லை. அலமாரியிலிருந்து பழைய ஒப்புதல் படிவத்தை எடுத்து, மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, தடித்த எழுத்தில் விரல் வைத்தார். “எந்த வடிவிலும் என்றுதான் இருக்கிறது” என்றார். கடைசிப் பக்கத்தில் மொழிபெயர்த்தவரின் கையெழுத்தையும் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“இந்தத் தேதிக்குப் பின் செய்த அளவீடுகளைப் பற்றி நான் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு அறிவிக்க வேண்டியிருக்கும், பேராசிரியர்.”

“தெரியும். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு நானே எழுதிவிட்டேன்.”

அவர் முத்திரையிட்டார்.

எரிக்கும்போது உடனிருக்கலாமா என்று கேட்டேன். அதற்கு விதியில் இடம் இல்லை. மருத்துவமனைக் கழிவோடு சேர்ந்து வண்டியில் போய்விடும். உறைபெட்டியிலிருந்து தொட்டிவரை நீங்களே எடுத்துப் போகலாம் என்றார். பதினாறு அடிகள். கையுறை போட்டுக்கொள்ளும்படி சொன்னார். நான் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று குழாய்களும் தோலில் ஒட்டிக்கொண்டு, பிரியும்போது சுட்டன. மூடியைச் சாத்திவிட்டு நிலவறைச் சாவியையும் அவரிடம் கொடுத்தேன்.

நிரபராதியைப்போல் எழுதி உங்களிடம் அனுதாபம் பெறுவது என் நோக்கமன்று. நான் கேட்டும் கேளாதவன். அதை விருதுக்குரிய வேலையாக்கிக் காட்டியவன். பாராட்டு விழாவைக் கைவிடும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பாராட்டத் தக்கது எதுவும் இப்போது இல்லை. மேடை ஏற்பாடு செய்துவிட்டதாக அவர் வருந்த வேண்டாம். தன் சாதனையைத் தானே விளக்க ஆயத்தமாக இருக்கும் பழைய மாணவர் இன்னொருவர் கிடைப்பார். நம் கல்லூரியில் அதற்குப் பஞ்சமில்லை.

பயணச்சீட்டை மட்டும் நான் ரத்து செய்யவில்லை. விழாவுக்குக் குறித்த அதே நாளில் எனக்கு ஆனைமலையில் வேலை இருக்கிறது. கந்தசாமி காரை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். எண்ணெயை நான்தான் வாங்கிக் கொடுக்க வேண்டுமாம்; அதில் ஆள் மாற்றிவிட முடியாதாம்.

எவ்வளவு வேண்டியிருக்கும் என்று தொலைபேசியில் கேட்டேன்.

“சொட்டுக் கணக்குல ஆவாதுங்க மாப்ள” என்றார்.